அரைக் கடுகு எடை

அந்த நாற்காலியில வேண்டாம் சார், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க. கோமதி, சாருக்குக் காபி போடு, சீனி கம்மியா. கோயமுத்தூர்க்காரங்க எல்லாத்துலயும் அளவா இருப்பாங்க.

தோட்டா செய்ய எந்த பிரஸ் வாங்கலாம்னு போன்ல கேட்டீங்க. நான் நேர்ல வரச் சொன்னேன். ஏன்னா போன்ல சொன்னா நீங்க சரிங்க சரிங்கன்னுட்டு, பொறவு யூடியூப்ல எவனோ ஒரு தொப்பிக்காரன் பேச்சைக் கேட்டு வேற எதையாவது வாங்கிருவீங்க. இந்த டெக்சாஸ்ல தொப்பி வச்சவன்லாம் நிபுணன். தொப்பிக்குக் கீழ என்ன இருக்குன்னு எவனும் பாக்குறதில்ல.

உங்க வீட்டம்மா கேப்பாங்க, கடையில தோட்டா விக்கிறான்லா, நீ எதுக்கு கராஜ்ல உக்காந்து தோட்டா செய்யணும்னு. கேட்டா இதைச் சொல்லுங்க. கடைத் தோட்டா கல்யாணப் பந்திச் சாம்பார். ஒரே அண்டா, ஆயிரம் பேரு, கரண்டிக்குக் கரண்டி ருசி மாறும். நம்ம செய்யுறது நம்ம நாக்குக்கு வச்ச சாம்பார். சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்துச் சுத்தம் பண்ணி, அளவுக்குக் கொண்டுவந்து, புதுசா வெடிமருந்து போட்டு, குண்டை வச்சு அழுத்துறது. அந்த அழுத்துற இரும்புதான் பிரஸ். கைப்பிடியைக் கீழ இழுத்தா தண்டு மேல ஏறும். அவ்வளவுதான் மிஷின். அதுக்குள்ள இவனுங்க எத்தனை விதம் கண்டுபிடிச்சிருக்கானுவன்னு பாத்தா சிரிப்பு வரும்.

இந்தா நிக்குது பாருங்க, இது என்னோடது. வார்ப்பிரும்பு. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை. அதுக்கு மேல ஒண்ணும் செய்யாது. அதனாலதான் செய்யுற ஒண்ணைச் சரியாச் செய்யும். தட்டிப் பாருங்க. கோயில் மணி மாதிரி இல்ல? அலுமினியத்துல ஒண்ணு விக்கிறான், ஒரு பக்கம் திறந்த சட்டம். அதை இழுத்தா மிஷின் வாயைப் பொளக்கும். குண்டு கோணலா இறங்கும். அதுல தோட்டா செய்யுறதும் செருப்பால தோசை திருப்புறதும் ஒண்ணு. பொறவு தலை சுத்துற பிரஸ் ஒண்ணு இருக்கு. அதுல நாலு டையை, அதாவது அச்சை, மாட்டிக்கிட்டு சுத்திச் சுத்திப் போடுவான். சோம்பேறிக்கு அது. அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு சார், இழுக்க இழுக்கத் தோட்டா வந்து டப்பாவுல விழும், சோளப்பொரி மாதிரி. அதைத்தான் அருளப்பன் வச்சிருந்தான்.

அருளப்பனைத் தெரியுமா உங்களுக்கு? பாத்திருப்பீங்க. தூத்துக்குடிக்காரன். இந்த ஊர்ல நீங்க வாரதுக்கு முன்னால தமிழ்க் குடும்பம் ரெண்டே ரெண்டுதான், நானும் கோமதியும், அவனும் அவன் வீட்டுக்காரி ரோஸ்லினும். நான் வால்வு கம்பெனியில இன்ஸ்பெக்ஷன்ல இருந்தேன், அவன் அங்கனயே ஷிப்பிங்ல இருந்தான். அதாவது நான் அளந்து அனுப்புறதை அவன் எண்ணிப் பெட்டியில போடுறவன். அந்தப் புத்திதான் சார் பிரஸ் வாங்கும்போதும் வரும். எனக்கு அளவு, அவனுக்கு எண்ணிக்கை.

அவன் பன்னி வேட்டைக்குப் போறவன். இங்கதான் காட்டுப்பன்னி வயக்காட்டை நாசம் பண்ணுதே, எவ்வளவு சுட்டாலும் வயக்காரன் கும்பிட்டு வரவேற்பான். நான் சைவம். காகிதத்தைத் தவிர இந்தக் கையால எதையும் சுட்டதில்ல. அவன் கேலி பண்ணுவான், "பிள்ளைவாள், அந்தக் காகிதம் உமக்கு என்னவே பாவம் செஞ்சுது"ம்பான். பேசத் தெரியும் அவனுக்கு, அது ஒண்ணுதான் தெரியும். ஆனா பயம் உண்டு. பன்னிக்கறி ஆக்குன அன்னைக்கு எங்க வீட்டுக்குள்ள வரமாட்டான். வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிருவான். "உள்ள வாவே, இங்க யாரு பாக்கா"ன்னா, "குளிக்கல வே"ம்பான். சும்மா நடிப்பு.

சனிக்கிழமைன்னா இங்கன வந்து உக்காந்துருவான். அந்த ஆடுற நாற்காலிதான். நான் ஒரு பெட்டித் தோட்டா செய்யுறதுக்குள்ள அவன் நாலு பெட்டிக் கதை சொல்லிருவான். எனக்கு அது பெரிய இடைஞ்சல் சார். மருந்து நிறுக்கும்போது பேசக்கூடாது. இந்தத் தொழில்ல, தொழில்னு சொல்லக்கூடாது, இந்த வேலையில, அரைக் கடுகு எடை மருந்து கூடுனா போதும், குண்டு வேற ஊருக்குப் போயிரும். அரைக் கடுகு. நான் மிகைப்படுத்தல. முன்னூறு கஜத்துல காகிதத்துல அப்பட்டமாத் தெரியும். இதை நான் அவன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அவன் "சரி வே, பன்னிக்குக் கடுகு தெரியாது"ம்பான்.

ஒருநாள் வாய்ப்பேச்சு முத்திப்போச்சு. "உம்ம இரும்பும் என் மிஷினும் ஒண்ணுதான்வே, நிறுக்குற தராசும் பிடிக்கிற கையும் நல்லா இருந்தாப் போதும்"னுட்டான். எனக்கு வந்துது பாருங்க கோவம். சரி, பாத்துருவோம்னேன். ஒரே ரைஃபிள், என்னோடது. ஒரே கூடு, ஒரே மருந்து, ஒரே குண்டு, ஒரே தராசு, அதுவும் என்னோடதுதான். அவனோட மிஷின்ல தானா மருந்து கொட்டுற புனல் உண்டு, அது கூடாது, ஒவ்வொண்ணா நிறுத்துத்தான் போடணும்னேன். ஒத்துக்கிட்டான். பிரஸ் மட்டும்தான் வித்தியாசம். யாரு குண்டு பக்கத்துல பக்கத்துல விழுதுன்னு துப்பாக்கி கிளப்புல எல்லார் முன்னாலயும் பாத்துருவோம். இதைவிட நேர்மையான சோதனை உண்டா? நீங்களே சொல்லுங்க.

அந்தத் தராசு அலமாரியில இருக்கு பாருங்க, துணி போட்டு மூடி. பேட்டரி தராசு இல்ல சார். ஒரு கை, அதுல தொங்குற ஒரு சின்னத் தட்டு, முள்ளு. மொதல்ல வெறுந்தட்டை வச்சு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரணும். பொறவு மருந்தைப் போட்டு நிறுக்கணும். மூச்சு விட்டா முள்ளு அசையும். அதை நான் பெத்த பிள்ளையைப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டேன்.

நேரம் பாருங்க, அந்த வாரத்துலயே ஆயுத பூசை. பூசையில வச்ச சாமானைத் தொடக்கூடாதுன்னு நான் முன்கூட்டியே என் தோட்டாவைச் செஞ்சு முடிச்சு எடுத்து வச்சுட்டேன். பூசைன்னா எங்க வீட்டுல கோமதி ராஜ்யம். கிண்ணம் நிறையச் சந்தனத்தைக் குழைச்சு எடுத்துக்கிட்டு கிளம்பிருவா. காருக்குப் பொட்டு, வாஷிங் மிஷினுக்குப் பொட்டு, புல் வெட்டுற மிஷினுக்குப் பொட்டு. ரொட்டி சுடுற டப்பாவுக்குக் கூட வச்சா, மறுநாள் காலையில வீடெல்லாம் சந்தனப் புகை. பிரஸ்ஸுக்கு, ரைஃபிளுக்கு, தராசுக்கு, தராசுத் தட்டுக்கு. கேட்டா, "எது நமக்குச் சோறு போடுதோ, சந்தோசம் தருதோ, எல்லாத்துக்கும் வைக்கணும்"பா. எங்க மாமியார் வீட்டு வழக்கம், வச்ச பொட்டைத் துடைக்கக்கூடாது, அது தானா காஞ்சு உதிரணும். படிச்ச பொம்பளை சார், கணக்கு வாத்தியாரா இருந்தவ. இதுல மட்டும் மூளையைக் கழட்டி வச்சுருவா.

மறுநாள் அருளப்பன் தராசை வாங்க வந்தான். நான் குளிச்சுக்கிட்டிருந்தேன். கோமதிதான் பூசையில இருந்து எடுத்துக் குடுத்தா. ரெண்டு பேரும் வாசல்ல என்னமோ பேசிக்கிட்டிருந்தது கேட்டுது. நான் வெளிய வாரதுக்குள்ள போயிட்டான்.

ஞாயித்துக்கிழமை கிளப்புல நல்ல கூட்டம். அங்க டேல்னு ஒரு கிழவன் இருக்கான், சுடுற இடத்துக்கு அவன்தான் பொறுப்பு. வெள்ளைக்காரன்ல அவன் ஒருத்தன்தான் தொப்பிக்குக் கீழ தலை வச்சிருக்கிறவன். கோமதி புளியோதரை கட்டிக்கிட்டு வந்திருந்தா. மொதல்ல நான் சுட்டேன். சொல்லக்கூடாது, ஆனா சொல்லுதேன். எல்லாம் ஒரு ரூபாய்க் காசுக்குள்ள. டேல் தூரக்கண்ணாடியில பாத்துட்டு விசில் அடிச்சான்.

பொறவு அருளப்பன் சுடப் படுத்தான். செஞ்ச வரிசையிலயே பெட்டியில இருந்து எடுத்து எடுத்துச் சுட்டான். மொதல்ல சுட்டதெல்லாம், உள்ளதைச் சொல்லணும்லா, நல்லாத்தான் விழுந்துது. என்னுதுக்குச் சமமா இருந்துது. ஒரு நிமிஷம் எனக்கே தூக்கிவாரிப்போட்டுது. அதுக்குப் பொறவு ஒண்ணு கொஞ்சம் மேல போச்சு. அடுத்தது இன்னும் மேல. ஏணியில ஏறுத மாதிரி ஏறிக்கிட்டே போகுது சார். பக்கவாட்டுல இல்ல, நேரா மேல. நான் அப்பவே சொன்னேன், மிஷினுக்கு மூச்சு வாங்குது, இழுக்க இழுக்கத் தளர்ந்து போச்சுன்னு. சோளப்பொரி மிஷின் வேற என்ன செய்யும்?

கடைசியில ஒண்ணு சுட்டான். சத்தமே வேற மாதிரி வந்துது. காலிக் கூட்டை எடுக்க ரைஃபிள் போல்ட்டைத் திறக்கான், திறக்கமாட்டேங்குது. டேல் ஓடிவந்து எல்லாரையும் சுடுறதை நிறுத்தச் சொல்லிட்டு, மரச்சுத்தியலால தட்டித் தட்டித் திறந்தான். கூட்டை எடுத்துப் பாத்துட்டு, மருந்து கூடிப்போச்சுன்னான். இன்னும் கொஞ்சம் கூடியிருந்தா கூடு பொளந்து மூஞ்சியில அடிச்சிருக்கும்னான்.

ரைஃபிள்ல அருளப்பன் கன்னத்தை வச்சிருந்த இடத்தைப் பாத்தேன் சார். இந்த ஊர்ல எனக்கு ஹலோ சொல்ல ஆயிரம் பேரு உண்டு, வே போட்டுப் பேச ஒருத்தன்தான் இருந்தான். அந்தப் பயத்துல கத்திட்டேன். தமிழ்ல கத்தியிருந்தா ஒண்ணுமில்ல. இங்கிலீஷ்ல கத்துனேன், எல்லாருக்கும் கேக்கணும்னு. இவனுக்கு எண்ணத்தான் தெரியும், நிறுக்கத் தெரியாது, இவன் செஞ்ச தோட்டாவை இந்தக் கிளப்புல சுடவிடாதீங்கன்னேன். டேல் வேற வழி இல்லாம சரின்னுட்டான். அன்னையில இருந்து அங்க அவன் கடைத் தோட்டாதான் சுடலாம். எல்லாருக்கும் தெரியும்படி ஆயிப்போச்சு.

அருளப்பன் என்ன செஞ்சான் தெரியுமா? எந்திரிச்சு உக்காந்து, அந்தக் கூட்டைக் கையில வாங்கிப் பாத்தான். "பிள்ளைவாள், உம்ம தராசை ஒருதரம் பாக்கணும்"னான். என் தராசை. நிறுக்கத் தெரியாதவன் தராசைக் குத்தம் சொல்லுதான். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். "என் தராசுல என்னவே?"ன்னு கேட்டேன். வாயைத் திறந்தான். அப்ப கோமதி புளியோதரைத் தூக்கை எடுத்துக்கிட்டு பக்கத்துல வந்து நின்னா. அவளைப் பாத்தான். சுத்தி நிக்கிற தொப்பிகளைப் பாத்தான். அப்படியே வாயை மூடிக்கிட்டான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? பொம்பளை முன்னால பொய் சொல்ல நாக்கு வரல.

சாயங்காலம் தராசைக் கொண்டுவந்து வாசல்ல வச்சுட்டுப் போயிட்டான். மணி அடிக்கல. வருஷம் ஒண்ணாகப் போகுது, இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. கிளப்புக்கும் வாரதில்ல. நான் போகணுமா? நான் ஏன் போகணும்? சோதனையில தோத்தவன் அவன். வந்து, "பிள்ளைவாள், உம்ம பிரஸ்தான் சரி"ன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கதவைச் சாத்தவா போறேன்? நாற்காலி அங்கனதான் கிடக்கு. அவன் கைபட்ட தராசை நானும் தொடல. பேட்டரி தராசு ஒண்ணு வாங்கிட்டேன். அதுவும் சும்மாதான் கிடக்கு, என்னமோ அதுக்குப் பொறவு இங்க உக்காந்து தோட்டா செய்ய ஓடல. வயசாகுதுல்லா. இதுக்குன்னு ஒரு சத்தம் வேண்டியிருக்கு சார், பின்னால யாராவது பேசிக்கிட்டிருக்கணும். அமைதியா இருந்தா நிறுக்கவே வரமாட்டேங்குது.

அதனால நான் சொல்லுததைக் கேளுங்க. ஒரு இழுப்பு, ஒரு வேலை. வார்ப்பிரும்பு. வேற எதையும்—

என்ன சொல்லுதீங்க? வாங்கிட்டீங்களா?

வாங்கலையா. சும்மா குடுத்தானா. யாரு, அருளப்பனா? அவன் மிஷினையா? உங்க கார் டிக்கியிலயா இருக்கு?

நல்லா இருக்கு சார் உங்க நியாயம். இவ்வளவு நேரம் பேச விட்டுட்டு, சாம்பார் பந்தின்னு நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன், நீங்க டிக்கியில சோளப்பொரி மிஷினை வச்சுக்கிட்டுக் காபி குடிக்கக் காத்துக்கிட்டிருக்கீங்க. கோயமுத்தூர்க்காரங்க மரியாதையாவே கழுத்தை அறுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஏன் குடுத்தான்? அவனுக்கு வேண்டாமாமா?

கால்கரிக்கா? மகன் வீட்டுக்கா? ஒரேயடியாவா?

போகட்டும். எனக்கென்ன. அங்க போய் ஐஸைச் சுடட்டும். கோமதி, கேட்டியா, உங்க அண்ணாச்சி கனடா போறாராம். என்ன, உனக்குத் தெரியுமா? ரோஸ்லின் சொன்னாளா? நீ ஏன் என்கிட்டச் சொல்லல? பாருங்க சார், அவங்க பேரை எடுத்தாலே நான் கத்துவேனாம். நான் எங்க கத்துதேன்? காபியை வச்சுட்டுப் போ.

சரி, பிரஸ்ஸைக் குடுத்தவன் எப்படி வேலை செய்யணும்னு சொல்லிக் குடுத்தானா? இல்ல, எண்ணத்தான் சொல்லிக் குடுத்தானா?

ஒண்ணே ஒண்ணுதான் சொன்னானா. என்னது?

தராசுத் தட்டுக்கு அடியைத் துடைச்சுட்டு ஆரம்பிங்கன்னா? அவ்வளவுதானா? இத்தனை வருஷம் என் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டது இதுதானா? தட்டைத் துடைக்கிறதும் காலைத் துடைக்கிறதும் ஒரு உபதேசமா? பாத்தியளா, ஊரை விட்டுப் போகும்போதும் தராசுலயே நிக்கான். அவன்—

என்ன கோமதி? என்ன கேட்டான் உங்கிட்ட?

எப்ப, தராசு வாங்க வந்தப்பவா? மறுபடி சொல்லு. "தங்கச்சி, தட்டுக்கு அடியில சந்தனம் இருக்கு, துடைச்சுக்கிடலாமா"ன்னு கேட்டானா. நீ என்ன சொன்ன?

துடைக்கக்கூடாதுன்னு சொன்னியா. தானா உதிரணும்னு. அவன் சரிம்மா, சாமிக்கு வச்சதுன்னு சொல்லிட்டுப் பத்திரமா வாங்கிட்டுப் போனானா.

நீ உள்ள போ. இல்ல, இரு. போகாத. அந்தத் துணியை எடு. தட்டை இப்படிக் குடு.

பாருங்க சார். பாதிப் பொட்டு இருக்கு. ஓரத்துல உடைஞ்சு, பாதிதான் இருக்கு. கெட்டியா வச்சிருக்கா. முழுப் பொட்டோட பூஜ்யம் வச்சு நிறுக்க ஆரம்பிச்சிருப்பான். நிறுக்க நிறுக்க உதிர்ந்திருக்கும். உதிர்ந்த அளவுக்கு மருந்து கூடியிருக்கும். என்ன இருக்கும் உதிர்ந்தது, ஒரு அரைக்—

ஒண்ணுமில்ல சார். புகை மாதிரி இருக்கு கண்ணுல. இந்த கராஜ்ல தூசி.

அங்க சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா அந்தக் கழுதை. உன் பொண்டாட்டி வச்ச பொட்டுலே, போய்ப் பாருலேன்னு அத்தனை தொப்பிக்கு முன்னால சொல்லியிருக்கலாம்லா. சொல்லியிருந்தா அவனுங்க சிரிச்சிருப்பானுவ. எங்களைப் பாத்து, இவளைப் பாத்து. அதுக்காக மூடிக்கிட்டானா? பன்னி ஆக்குன அன்னைக்கு வாசல்ல நிக்கிற பய. என்னத்துக்கு இந்தப் பவுசு அவனுக்கு? இவ்வளவு வாய் இருக்குல்லா, அன்னைக்கு எங்க போச்சு அந்த வாயி?

ஆனா ஒண்ணு சார், அவன் பிரஸ் மட்டம்தான். அதுல மாத்தம் இல்ல. நீங்க அதை வச்சுக்கிட்டு அவதிப்படப் போறீங்க.

எத்தனை மணிக்கு பிளைட்டு? நாலரையா? ஹூஸ்டனுக்கா போகணும்? அப்ப இந்நேரம் கிளம்பியிருப்பான். முன்கூட்டியே போய் உக்காந்திருக்கிறவன் அவன், ஷிப்பிங்காரன் புத்தி. கால்கரியில இப்பவே பனியாம். ஒரு சட்டை ஒழுங்கா வாங்கத் தெரியாது அவனுக்கு, அந்த மஞ்சள் ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கிட்டுப் போவான். கோமதி, என் கம்பளிக் கோட்டை எடு. அந்தக் கருப்புதான். எனக்கு இல்ல.

உங்க காரை எடுங்க சார். நான் ஓட்ட முடியாது, கையில தட்டு இருக்கு. காபியை அப்படியே வைங்க. தட்டை நான் மடியில வச்சுக்கிடுதேன். இல்ல, துடைக்கல. துடைக்கக்கூடாது. அவன் கையால துடைக்கட்டும்.

டிக்கியில அந்த இரும்பு இருக்கட்டும், இறக்க நேரமில்ல. நீங்க மெதுவாத்தான் ஓட்டுவீங்க, எனக்குத் தெரியும். இன்னைக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் வேகமாப் போங்க.